புதன்கிழமை பத்து மணி இருட்டு

கொலோம்பா நகராட்சி நூலகத்தில் வுயெல்வாவுக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். அதில் முதல் பன்னிரண்டு வருடம் புத்தகங்களைத் துடைத்ததோடு சரி. காலை ஏழு மணிக்கு வாளியும் துடைப்பானுமாக வருவாள். தரையைத் துடைத்து, அலமாரிகளில் தூசி தட்டி, எட்டரைக்குக் கதவு திறக்கும்போது பின்கட்டு அறைக்குள் போய்விடுவாள். குழந்தைகள் புத்தகங்கள் அடித்தட்டில் இருந்தன. அவற்றைத் துடைக்க முட்டி போட வேண்டும் என்பதால் அவற்றின்மேல் அவளுக்குத் தனி எரிச்சல். அதெல்லாம் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளும் நர்ஸ் வீட்டுப் பிள்ளைகளும் எடுத்துப் போகிற சாமான் என்று நினைத்திருந்தாள். ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் மகளுக்குக் காட்டலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மகள் நங்காம்சோ நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சர் ஒரு பக்கத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னாள். பிள்ளை தண்ணீராக ஒப்பித்தது. வுயெல்வாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு டீச்சர், "ஆடு ஏன் ஓடிச்சு?" என்று கேட்டாள். நங்காம்சோ டீச்சரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ஆடு ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இன்று அவளுக்கு இருபத்து நான்கு வயது. துறைமுக நகரத்தில் ஒரு கம்பெனியில் கோழி இறைச்சி அடைக்கிறாள். அம்மாவுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் எழுத மாட்டாள், குரலைத்தான் அனுப்புவாள். ஒவ்வொரு முறை அந்தக் குரலைக் கேட்கும்போதும் வுயெல்வாவுக்கு எரிச்சல் வரும், தன்மேல்தான்.

டீச்சர் கூப்பிட்டனுப்பிய அன்று மூண்ட எரிச்சல் அது. அதில்தான் மாலை வகுப்பில் சேர்ந்து பள்ளி இறுதி முடித்து, அஞ்சல் வழியில் நூலகப் படிப்பும் படித்து, உதவியாளர் ஆனாள். தலைமை நூலகர் ஓய்வு பெற்று மூன்று வருடமாயிற்று. அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அந்த நாற்காலியில் இவள் உட்காரக் கூடாது, ஆனால் அந்த நாற்காலியின் வேலையைச் செய்யாமல் இருக்கவும் கூடாது. இதைப் பற்றி அவள் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களை ஒரு கோப்பில் வைத்திருக்கிறாள். கோப்பு காலியாக இருக்கிறது.

இந்த நிலைமையில்தான் ஜனவரியில் வட்டார அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு நூலகமும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாசிப்பு நேரம் நடத்த வேண்டும். மார்ச் முடிவுக்குள் வாரம் பதினைந்து குழந்தைகளாவது வர வேண்டும். வராவிட்டால் குழந்தைகள் அறையைக் கணினி அறையாக மாற்றிவிடுவார்கள். கூடவே ஒரு பெட்டிப் புத்தகங்களும் வந்தன. நாற்பது புத்தகம், நாற்பதும் ஆங்கிலம். பனியில் தொப்பியைத் தொலைத்த கரடி, பனியில் சறுக்கி விளையாடும் முயல், பனிமனிதனுக்கு மூக்கு தேடும் அண்ணன் தங்கை. வெளியே தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் சுற்றறிக்கையைப் படித்த அன்று வுயெல்வா சந்தோஷப்பட்டாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நங்காம்சோவுக்குக் கிடைக்காதது இந்த ஊரில் இருபது பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தாள். பிள்ளைகளைத் தேடி அலையவும் வேண்டாம். பக்கத்துத் திடலைத் தாண்டினால் மருத்துவமனை. புதன்கிழமை அங்கே குழந்தைகளுக்கு எடை பார்த்து ஊசி போடும் நாள். அம்மாக்கள் விடிகாலையிலேயே வந்து சீட்டு வாங்கிக்கொண்டு மதியம் வரை வரிசையில் காய்வார்கள்.

முதல் புதன்கிழமை ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். வுயெல்வா கரடிக் கதையை வாசித்து, ஒவ்வொரு வரியையும் ஊர்ப் பேச்சான க்ஹோசா மொழியில் மாற்றிச் சொன்னாள். பனி என்பதை எப்படிச் சொல்லி விளக்கினாலும் பிள்ளைகளுக்கு அது பிடிபடவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒருவன் மேசைக்கு அடியில் போனான். ஆசோலா என்ற நாலு வயதுப் பெண் புத்தகத்தைத் தலைகீழாக வாங்கி அதன் மூலையைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தாள். இரண்டாவது வாரம் ஆறு பேர். மூன்றாவது வாரம் நாலு.

ஆசோலாவின் அம்மா நோமவேத்து மருத்துவமனை வாசலில், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். வுயெல்வா அவளிடம் போய் நின்றாள்.

"உன் மவ வீட்ல கதை கேப்பாளா?"

"கேப்பாளாவா? ராத்திரி நான் நிறுத்தினா அடிக்க வருவா. ஆமைக் கதைய நாலு தடவை சொல்லணும்."

"அதை இங்க வந்து சொல்லேன். புதன்கிழமை பத்து மணிக்கு."

நோமவேத்து இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாபேலே, நீ எந்த ஊர்க்காரி?" என்றாள். வுயெல்வாவின் குலம் பேலே. ஊரில் மரியாதைக்கு எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பட்டப் பகல்ல கதை சொன்னா தலையில கொம்பு முளைக்கும்னு உங்கம்மா உனக்குச் சொல்லலியா?"

"நீ அதை நம்புறியா?"

"நம்பலதான். ஆனா முளைச்சா யாரு வந்து அறுத்து விடுவா, நீயா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தியும் வரத் தயாராக இல்லை. வேதாகமத்தைப் பகலில் வாசிப்பார்கள், பக்கத்து வீட்டுச் சங்கதியைப் பகலில் பேசுவார்கள். கதை மட்டும் பொழுது சாய்ந்த பிறகுதான். நூலகமோ நாலரை மணிக்குப் பூட்டு. வுயெல்வா அவர்களைத் திட்டியிருக்கலாம். ஆனால் அவளே யோசித்துப் பார்த்தாள்: நாற்பத்தாறு வருடத்தில் ஒரு கதையையாவது வெளிச்சத்தில் சொல்லியிருக்கிறேனா? இல்லை. சொல்ல நினைத்தாலே கை தானாகத் தலைக்குப் போகிறது. படித்தவள், சான்றிதழ் வாங்கியவள், இந்த விஷயத்தில் நோமவேத்துவுக்கு ஒரு அங்குலம்கூட மேலே இல்லை. அது அவளை இன்னும் கடுப்பேற்றியது.

அன்று மாலை குப்பைத் தொட்டிக்குப் பை மாற்றும்போதுதான் யோசனை வந்தது. நகராட்சி தருகிற கறுப்புப் பை. ஒன்றைப் பிரித்துச் சன்னல்மேல் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் நின்றுவிட்டது.

அடுத்த புதன்கிழமை குழந்தைகள் அறையின் ஆறு சன்னல்களிலும் கறுப்புப் பையை ஒட்டி, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டாள். நோமவேத்து உள்ளே தலையை நீட்டிப் பார்த்தாள். தன் கையைத் தன் மூஞ்சிக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தாள். தெரியவில்லை.

"வெளியில சூரியன் இருக்கே," என்றாள் ஒருத்தி.

"அது வெளியில. இங்க ராத்திரி," என்றாள் வுயெல்வா.

"சரி, சூரியன்கிட்ட நாம சொல்ல வேணாம்," என்று நோமவேத்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்ன கதை, ஒரே மரத்து நிழலை மூன்று பேருக்கு வாடகைக்கு விட்ட ஆமையின் கதை. காலை நிழலை முயலுக்கு, உச்சி நிழலை ஆட்டுக்கு, சாயங்கால நிழலைக் கழுதைப்புலிக்கு. மூன்று பேருமே நிழல் முழுக்கத் தனக்குத்தான் என்று நம்பி வந்து படுக்கிறார்கள். நிழல் நகர நகர ஒருவரையொருவர் நெருக்குகிறார்கள். "என் நிழல், என் நிழல், நகரு நகரு" என்று பாட்டு வரும். "நகரு நகரு" என்பதை இருட்டில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். அந்தக் கத்தலைக் கேட்டு மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். கடைசியில் பொழுது சாய்ந்து நிழலே இல்லாமல் போகிறது. மூன்று பேரும் ஆமையைத் தேடினால், அது தன் நிழலை முதுகில் தூக்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டிருக்கிறது.

கதை முடிந்ததும் வுயெல்வா இரண்டு சன்னலைத் திறந்து, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தாள். அம்மாக்களை ஒன்று மட்டும் செய்யச் சொன்னாள்: எழுத்தைப் படிக்க வேண்டாம், படத்தைக் காட்டி "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டால் போதும். அதன்பிறகு அறையில் எழுந்த சத்தம் இருக்கிறதே, இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டிடம் கேட்டிராத சத்தம். இருட்டு ஆரம்பித்த மூன்றாவது வாரம் ஆசோலா புத்தகத்தைக் கடிக்கவில்லை. நேராகத் திருப்பிப் பிடித்தாள். கரடிக்குக் கீழே இருந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்து, "இது என்ன சொல்லுது?" என்று கேட்டாள். நங்காம்சோ இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. வுயெல்வா எழுந்து பின்கட்டு அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

பத்தொன்பது பிள்ளைகள், இருபத்தாறு, முப்பத்தொன்று என்று ஏறிக்கொண்டே போனது. உள்ளே புழுக்கத்தில் எல்லோரும் வேர்த்து ஒழுகினார்கள். ஒருவரும் வராமல் இருக்கவில்லை.

மார்ச் இரண்டாவது வாரம் கடிதம் வந்தது. வட்டார அலுவலகத்தின் ஆய்வாளர் முன்னறிவிப்பின்றிப் புதன்கிழமை காலை பத்தரைக்கு வந்திருக்கிறார். தெருவில் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறார். தெருப்பக்கச் சன்னல்கள் எல்லாவற்றிலும் குப்பைப் பை, கதவு சாத்தியிருக்கிறது, விளக்கு இல்லை. படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். "வாசிப்பு நேரத்தில் நூலகம் மூடப்பட்டிருந்தது, பணியாளர் இல்லை" என்று எழுதியிருந்தார். உள்ளே அந்த நேரத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுதைப்புலிக்காகக் காத்திருந்தார்கள். கதவைத் தட்டக்கூட அந்த மனிதனுக்குக் கை வரவில்லை.

வுயெல்வா வருகைப் பட்டியலை அனுப்பினாள். பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதலாம், கதை நடக்கும்போது எடுத்த படம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அடுத்த புதன்கிழமை போனில் ஐந்து படம் எடுத்து அனுப்பினாள். ஆய்வாளர் போன் செய்தார்.

"அக்கா, நாலு படம் கறுப்பா இருக்கு."

"இருட்டுல எடுத்தது சார்."

"அஞ்சாவதுல ஒரு குழந்தையோட முதுகும் ஒரு கட்டை விரலும் இருக்கு."

"விரல் என்னுது."

"நானே நேர்ல வரேன்," என்றார் அவர்.

வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மங்கேலா என்று பெயர், நல்ல சட்டை. வுயெல்வா முதலில் குலத்தைக் கேட்டாள். ரடேபே என்றார். அதற்குப் பிறகு சார் போய் ரடேபே ஆனார், அவளுக்குக் கொஞ்சம் தைரியமும் வந்தது. நடந்தது முழுவதையும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"எங்கம்மாவும் சொல்லுவாங்க. கொம்பு."

"அப்ப வந்து எங்களோட உக்காருங்க. அரை மணி நேரம். கேட்டாலே தெரிஞ்சிடும்."

"இருட்டுல நான் என்னத்த அக்கா பாக்கறது? படிவத்துல போதிய வெளிச்சம்னு ஒரு கட்டம் இருக்கு. காத்தோட்டம்னு இன்னொண்ணு. ரெண்டுலயும் நான் டிக் போடணும். இந்தப் பையெல்லாம் எடுத்துடுங்க."

"எடுத்தா இவங்க சொல்ல மாட்டாங்க."

"சொல்லச் சொல்லுங்க. அரசாங்கக் காரியம்."

"நீங்க ஒண்ணு சொல்லுங்களேன், ரடேபே. ஒரு சின்னக் கதை. அதைப் பாத்து அவங்களும் சொல்லுவாங்க."

மங்கேலாவின் கை தலைவரைக்கும் போய், தலைமுடியைச் சரிசெய்வது போலத் திரும்பி வந்தது. "எனக்கு இருக்கற தொல்லை போதும் அக்கா," என்றார்.

பைகளை எடுத்தார்கள். வெயில் சுள்ளென்று உள்ளே விழுந்தது. பெண்கள் சுவரோரமாக வாயில் கொழுக்கட்டை வைத்தது போல உட்கார்ந்திருந்தார்கள். நோமவேத்து கூரையைப் பார்த்தாள். பிள்ளைகள் "நகரு நகரு" என்று இரண்டு முறை தாங்களாகவே கத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார்கள். வுயெல்வா சொல்லியிருக்கலாம். ஆமைக் கதையை ஐந்து வாரமாகக் கேட்டவள்தானே. வாயைத் திறந்தாள். கை தானாகத் தலைக்குப் போனது. கடைசியில் கரடிப் புத்தகத்தை எடுத்துப் பனியைப் பற்றி வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒருவன் மேசைக்கு அடியில் போனான். மங்கேலா அதைத்தான் படம் எடுத்தார்.

ஆசோலா மட்டும் ஒரு மூலையில் புத்தகத்தை நேராகப் பிடித்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, மெல்லிய குரலில் ஆமைக் கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைக்கூடச் சரியான இடத்தில் திருப்பினாள். கொம்பைப் பற்றி அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"பாருங்க, பாருங்க," என்று வுயெல்வா அவர் சட்டையையே பிடித்து இழுத்துவிட்டாள். "இதுதான். இவ ரெண்டு மாசத்துக்கு முன்னாடி புத்தகத்தைத் தின்னவ."

மங்கேலா குனிந்து கேட்டார். நேர்மையாகவே கேட்டார். "படத்துல இருக்கறது கரடியில்ல அக்கா? பாப்பா ஆமைங்குது."

"அது பரவால்ல. புத்தகத்துக்குள்ள கதை இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எழுத்து பின்னாடி வரும். இது வராதவங்களுக்கு எழுத்து வந்தும் பிரயோஜனம் இல்ல. என் மவளக் கேளுங்க."

"எனக்குப் புரியுது. ஆனா இதுக்குக் கட்டம் இல்லையே," என்றார் மங்கேலா. போகும்போது நோமவேத்துவிடம் மாவு உருண்டை நான்கு வாங்கிக்கொண்டு போனார்.

பட்டியலை மட்டும் வைத்துப் பழைய வாரங்களின் கணக்கை ஏற்க முடியாது என்று கடிதம் வந்து, ஏப்ரல் முதல் வாரம் அறை போயிற்று. எட்டுக் கணினிகள் பெட்டிகளில் வந்து இறங்கின. இணைப்பு கொடுக்க ஆள் வருவார், அதுவரை பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். புத்தகப் பெட்டியை மட்டும் வுயெல்வா சண்டை போட்டு வெளியே எடுத்துத் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். குழந்தைகளுக்கான நேரத்தை விரும்பினால் திறந்தவெளியில் தொடரலாம் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. எழுதியவருக்கு அது பெரிய மனது என்று தோன்றியிருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போலப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பதினொரு பேர். பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். ஒருத்தி போர்வை திணிக்கிற இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வுயெல்வா அதைப் பார்த்தாள். மங்கேலாமேல் கோபம், கணினிமேல் கோபம், பனிக்கரடிமேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, அன்று வெளிச்சத்தில் வாயைத் திறக்காமல் கரடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட தன்மேல் கோபம்.

"வாங்க," என்று பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனாள். நூலகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் ஒரு திடல், நிழலுக்கு ஒரு பொட்டு இலை இல்லை. நட்ட நடுவில் உட்கார்ந்தாள். வெயில் தலையில் இறங்கியது. "ஒரு ஆமை இருந்திச்சு," என்று உரக்கச் சொன்னாள்.

மருத்துவமனை வரிசை திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வுயெல்வா நிறுத்தவில்லை.

ஆனால் அவளுக்குக் கதை சொல்ல வராது. அவளுடைய அம்மா நகரத்தில் பிறத்தியார் வீட்டில் வேலைக்கு இருந்தவள், அதனால் சின்ன வயதில் கேட்ட கதைகளே குறைவு. சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் ஆமையைச் சொன்னாள். பாட்டை மெட்டில்லாமல் சொன்னாள். பதற்றத்தில் முயலையே விட்டுவிட்டு, "ஆமை அந்த நிழலை ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்டுது, ஆட்டுக்கும் கழுதைப்புலிக்கும்," என்றாள்.

"மூணு பேருக்கு," என்றது மருத்துவமனை வாசலிலிருந்து ஒரு குரல்.

நோமவேத்து இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தாள். வுயெல்வா காதில் விழாதது போலத் தொடர்ந்தாள். "கழுதைப்புலி காலையில வந்து படுத்திச்சு."

"ஐயோ, கழுதைப்புலி காலையில எதுக்கு வருது? காலையில முயல். முயல் இல்லாம எப்படிப் பாட்டு வரும்?" நோமவேத்து அடுப்பைப் பக்கத்திலிருந்தவளிடம் விட்டுவிட்டுத் திடலுக்குள் நடந்து வந்தாள். எண்ணெய்க் கையை மேலாடையில் துடைத்துக்கொண்டாள். "தள்ளு. தள்ளு மாபேலே. முயல் எப்படி வந்திச்சு தெரியுமா? ஒரு காது மேல, ஒரு காது கீழ."

நடந்தே காட்டினாள். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். "நகரு நகரு" வந்தபோது வரிசையிலிருந்தும் நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது. ஆமை தன் நிழலைத் தூக்கிக்கொண்டு போகிறவரை நோமவேத்து ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். கை மெல்லத் தலைத்துணிக்குப் போய், அதை அழுத்திப் பார்த்தது. மருத்துவமனை வரிசை முழுக்க அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"என்ன பாக்கறீங்க?" என்றாள் அவள், தலைத்துணியை விடாமல். "முளைச்சா முளைக்கட்டும். இவ கதையக் கொல்றதப் பாத்துக்கிட்டு நிக்க என்னால ஆகல."

பிறகு வுயெல்வாவின் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வாரம் நீ வாயத் திறக்காத. கதைய நாங்க பாத்துக்கறோம். நீ போய் புத்தகத்தக் கொண்டா, பிள்ளைங்க நிக்குதுங்க."